காத்தால மாத்திரை

வினோதினியிடம் ஒரு விலை சொல்லி, அதே விலைக்கு விற்றுவிட்டுப் போன கடைக்காரர் அவிநாசியில் ஒருவர்கூடக் கிடையாது. பற்பசைக் குழாயைக் கத்தரியால் பிளந்து உள்ளே இருப்பதை வழித்தெடுப்பாள். காலியாகிவிட்ட கேஸ் சிலிண்டரைச் சாய்த்துப் போட்டு இன்னும் இரண்டு வேளைச் சமையலைக் கறந்துவிடுவாள். கருமி என்று சொன்னால் பாவம். தனக்கென்று ஒரு நல்ல புடவை எடுக்காதவள், அண்ணன் வீட்டுக்கு ஒன்று என்றால் கையை மூட மாட்டாள். வாங்கும் பொருளில் ஒரு காசு கூடுதலாகப் போய்விட்டது என்றால் மட்டும் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்டவளுக்கு ஆண்டவன் கொடுத்த குடும்பம் இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும். அவள் புருஷன் சிகாமணி வேறு யாருமில்லை, அவளுடைய அம்மாவுடன் பிறந்த கடைசித் தம்பி. தாய்மாமன். இந்தக் காலத்திலுமா என்று கேட்டால், ஆமாம், அந்த வீட்டில் இந்தக் காலத்திலும்தான். அம்மாவும் மாமன் மகனைக் கட்டியவள், அவளுக்கு அம்மாவும் அப்படியே. சொத்து வெளியே போகக்கூடாது என்று ஐந்து தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கொடுத்து உள்ளுக்குள்ளேயே எடுத்தார்கள். சொத்து எப்போதோ போய்விட்டது. வியாதி மட்டும் வெளியே போகாமல் பத்திரமாக இருந்தது.

வியாதி என்றால் நெஞ்சுச் சதை வியாதி. ஆண்களுக்கு நாற்பதைத் தாண்டினால் வரும். சிலருக்கு இதயத்தின் சதை விறைத்துக்கொள்ளும், சிலருக்குத் தொளதொளத்துப் போகும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். மூச்சு வாங்கும், கால் வீங்கும், ஒரு நாள் எழுந்திருக்க மாட்டார்கள். முதலில் சிகாமணிக்கு வந்தது. அடுத்த வருஷமே அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் பூபதிக்கும் வந்தது. ஒரே வளாகத்தில் முன்வீடும் பின்வீடுமாக இரண்டு குடும்பமும் இருந்தது. ஆண்கள் இருவரும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். சிகாமணி வேன் ஓட்டினான். பூபதி உட்கார்ந்த இடத்தில் துணி பார்க்கும் செக்கிங் மேஸ்திரி.

மருந்து இல்லாமல் இல்லை. அளவு மாத்திரை வந்து நான்கைந்து வருஷம் ஆகியிருந்தது. முன்பெல்லாம் மாத்திரை என்பது கடையில் தொங்கும் ரெடிமேட் சட்டை, ஒரே அளவு எல்லோருக்கும். இது தையல்காரர் உடம்பை அளந்து தைக்கிற சட்டை. மாத்திரைக்குள் மணல் அளவில் ஒரு கருவி இருக்கும். வயிற்றில் கரையும்போது விழுங்கியது யார் என்று ரத்தத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும், அதற்குப் பெயர் ரத்தக்குறி. அப்புறம் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று கம்பெனிக்குச் சேதி அனுப்பும். அந்தச் சேதியைப் பார்த்து அடுத்த தவணை மாத்திரையைச் செய்வார்கள். ஒருவர் மாத்திரையை இன்னொருவர் விழுங்கினால் மறுநாளே கணக்கை மூடிவிடுவார்கள்.

விலைதான் நெஞ்சை அடைக்கும். ஒரு காலத்தில் உலகத்துக்கே மலிவாக மாத்திரை ஏற்றி அனுப்பிய நாட்டில், இந்த மாத்திரையை வாங்க வீட்டை விற்க வேண்டியிருந்தது. வினோதினி விடுவாளா? பத்து நாள் தேடிக் கண்டுபிடித்தாள். கடலுக்கு அந்தப் பக்கம், ஆப்பிரிக்கக் கரையில், லும்பாரா என்று ஒரு தபால் மருந்தகம். திருப்பூர்க் கடையில் ஒரு மாதத்துக்கு வாங்குகிற காசில் அங்கே ஒரு வருஷத்துக்கு வாங்கலாம். முதல்முறை உடம்பைப் பதிவு செய்வதற்கு மட்டும்தான் பெரிய தொகை. நகையை வைத்துச் சிகாமணியைப் பதிந்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு பார்சல் வந்தது. புருஷன் கால் வீக்கம் வடிந்தது.

அண்ணனுக்குப் பதிய நகை மிச்சமில்லை.

இந்த இடத்தில்தான் நம் ஊர்ப் புத்தி வேலை செய்தது. ஆடிப் பதினெட்டுக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பூபதிக்கு மூச்சு இழுத்தது. சிகாமணி சட்டைப் பையிலிருந்து தன் மாத்திரையை எடுத்து நீட்டினான். "எனக்கு நல்லாக் கேக்குது மாப்ளே. நீயும் ஒண்ணு போட்டுப் பாரு." நம் ஆட்கள் மாத்திரை மாற்றிக்கொள்வது வெற்றிலை மாற்றிக்கொள்வது மாதிரிதானே, டாக்டர் எதற்கு, சீட்டு எதற்கு. பூபதியும் தண்ணீரை ஊற்றி விழுங்கிவிட்டான். அடுக்களையிலிருந்து வந்த வினோதினி விஷயம் தெரிந்து தலையில் அடித்துக்கொண்டாள். அடமானம் வைத்த நகை, கட்டிய பதிவுத் தொகை, எல்லாம் ஒரு வாய்த் தண்ணீரில் போயிற்று என்று அன்று முழுக்க இருவரையும் திட்டித் தீர்த்தாள்.

சாயங்காலம் அவள் போனுக்குச் சேதி வந்தது. கணக்கு மூடப்பட்டது என்று அல்ல. "திரு. சிகாமணி அவர்கள் இன்று ஒரு மாத்திரை கூடுதலாக எடுத்துள்ளார். கவனம் தேவை" என்று வந்தது.

வினோதினி அதை மூன்று தரம் படித்தாள். இயந்திரத்துக்குப் பூபதியைத் தெரியவில்லை. ஐந்து தலைமுறையாக உள்ளேயே சுற்றிய ரத்தம். லும்பாராக்காரனுக்குத் தாய்மாமன் கல்யாணம் என்றால் என்னவென்று தெரியுமா? மாமனும் மருமகனும் அவன் கணக்கில் ஒரே ஆள். அவள் சிரித்த சிரிப்பைக் கேட்டுப் பின்வீட்டு அண்ணி ரூபகலா ஓடிவந்தாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் சுலபம். தெரிந்த டாக்டரிடம் சொல்லி, சிகாமணிக்கு நாளுக்கு இரண்டு மாத்திரை வேண்டும் என்று ஒரு சீட்டு வாங்கினாள். காலைக்கு வெள்ளை, மாலைக்கு மஞ்சள். நிறம்தான் வேறு, உள்ளே இருப்பது ஒரே மருந்து. வெள்ளை அட்டை புருஷனுக்கு, மஞ்சள் அட்டை அண்ணனுக்கு. மாதம் பிறந்தால் அவள் கையாலேயே எண்ணிக் கொடுப்பாள். நேரம் தவறக்கூடாது, அட்டை மாறக்கூடாது என்று இருவருக்கும் கண்டிப்பு. ரூபகலா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னாலதான் வினோ, என்ற கழுத்துல தாலி நிக்குது" என்று அழுதாள். வினோதினிக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு உயிர், ஒரு பதிவுத் தொகை. இதைவிடப் பெரிய மிச்சத்தை அவள் வாழ்நாளில் பிடித்ததில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாகவே ஓடியது. பிறகு இருவருக்கும் ஒரே சமயத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினால் இருவரும் பாதியில் நின்றார்கள். பருவம் சரியில்லை, பனி என்று சொல்லிக்கொண்டிருந்தபோது லும்பாராவிலிருந்து போன் வந்தது.

பேசியவள் பெயர் ஆமினா. அவள் பாஷையில் அவள் பேச, இயந்திரம் தமிழாக்கி அனுப்பியது. அதனால் பாடப்புத்தகம் எழுந்து பேசியது போல இருந்தது.

"அம்மா, தங்கள் கணவரின் இதயம் பற்றி ஓர் ஐயம். காலையில் அது விறைப்பாக இருக்கிறது. மாலையில் அதே இதயம் தளர்ந்து கிடக்கிறது. இவ்வளவு காலமும் எங்கள் இயந்திரம் இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு எடுத்து மாத்திரை செய்தது. இப்போது இரண்டும் வெகுதூரம் விலகிவிட்டன. விறைத்த இதயத்துக்கான மருந்து தளர்ந்த இதயத்தை நிறுத்திவிடும். தளர்ந்ததற்கான மருந்து விறைத்ததை நிறுத்திவிடும்."

"அப்ப அந்த நடு அளவையே குடுங்களேன்" என்றாள் வினோதினி.

"நடு அளவு இரண்டையும் மெதுவாக நிறுத்தும். ஓர் உடம்பில் இரு இதயம் இருக்க முடியாது. எது மெய், எது கருவியின் பிழை என்று கணக்கு வைத்திருப்பவர் சொல்ல வேண்டும். காலையா, மாலையா? ஏழு நாள் அவகாசம்."

வினோதினி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். "ஏனுங்க, நான் ஒண்ணு சொல்றனுங்க..."

"நில்லுங்கள் அம்மா" என்றாள் ஆமினா. "இந்தப் பேச்சு பதிவாகிறது. சில சொற்களைத் தாங்கள் சொன்னால் நான் இந்த நிமிடமே கணக்கை மூட வேண்டும். நான் எதையும் கேட்கவில்லை."

அவளுக்குப் புரிந்துவிட்டது என்று வினோதினிக்குப் புரிந்தது. சுற்றி வளைத்துக் கேட்டாள். குடும்பத்தில் இன்னொருவருக்கும் இதே வியாதி, அவரைப் புதிதாகப் பதியலாமா, வீட்டை விற்றாவது பணம் கட்டிவிடுகிறோம் என்றாள்.

"அவர் ரத்தத்தைக் கொடுத்தால் இயந்திரம் அவரைத் திரு. சிகாமணி என்றே சொல்லும். ஒரே மனிதர் இரண்டு கணக்கு திறந்தால் இரண்டும் அழிக்கப்படும். அவர் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறார் அம்மா."

மறுநாளே திருப்பூர்க் கடைக்கு ஓடினாள். பணம் கட்டினாலும் உள்ளூர்க் கம்பெனி அளவெடுத்து முதல் மாத்திரை தர ஆறு மாதம் ஆகும் என்றார்கள். நெஞ்சு டாக்டரிடம் இருவர் பெயரையும் சொல்லாமல் கேட்டாள். இந்த நிலையில் மருந்து இல்லாமல் ஆறு வாரம், மிஞ்சினால் எட்டு வாரம் என்றார் அவர். பாம்பென்று அடிக்கவும் முடியவில்லை, பழுதையென்று தாண்டவும் முடியவில்லை.

ஆண்களிடம் சொல்லலாமா என்று நினைத்தாள். சொன்னால் சிகாமணி என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். பூபதி அவன் அக்கா மகன், தோளில் தூக்கி வளர்த்த பையன். "மாப்ளைக்கே குடுத்துரு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவான். அந்தப் பெருந்தன்மையை நினைத்தாலே அவளுக்கு ஆத்திரம் வந்தது. அதனால் சொல்லவில்லை.

ஏழு நாளும் அவள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. அண்ணன் அவளுக்குச் செய்தது கொஞ்சமா? அப்பா போனபிறகு அவள் கல்யாணத்துக்குத் தன் பங்கு நிலத்தை எழுதிக் கொடுத்தவன். அவளுக்குக் குழந்தை தங்கவில்லை என்று மூன்றாம் முறை தெரிந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதவன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆனால் இரண்டு பக்கமும் அவள் சதையாகவே இருந்தால் எது ஆடும்? ஆறாம் நாள் காலை சிகாமணி அவளிடம் தேங்காய்ச் சட்னி கேட்டான். வெறும் சட்னிதான். அவன் இல்லாத அடுக்களையை ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று மனசு சொல்லிவிட்டது.

ஆமினாவைக் கூப்பிட்டு, "காத்தால" என்றாள்.

"காலை இதயம் மெய். மாலை இதயம் பிழை. சரிதானே?"

"சரிங்க."

"மருந்து மொத்தமாகச் செய்யப்படுகிறது. தொண்ணூறு நாளைக்கு மாற்ற முடியாது. தங்களுக்கு நன்றி" என்றாள் ஆமினா. அப்புறம், "இறைவன் தங்களோடு இருக்கட்டும்" என்றாள். அது கம்பெனி எழுதிக் கொடுத்த வாக்கியமாகத் தெரியவில்லை.

பார்சல் வந்தது. இந்த இடத்தில் அவளுக்கு வக்காலத்து வாங்க நான் தயாராக இல்லை. வெள்ளை அட்டையைப் புருஷனிடம் கொடுத்தாள். மஞ்சள் அட்டையை எடுத்துக்கொண்டு பின்வீட்டுக்குப் போனாள். அது இனி அண்ணன் நெஞ்சுக்கு என்ன செய்யும் என்று தெரியும், தெரிந்தே கொடுத்தாள். கொடுக்காவிட்டால் மட்டும் பிழைத்துவிடுவானா, ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது, மாலை மாத்திரையை யாரும் விழுங்காவிட்டால் லும்பாரா சும்மா இருக்குமா என்று மனசுக்குள் நூறு சமாதானம். ரூபகலா காப்பி கலக்கிக் கொடுத்தாள். பூபதி அட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நேரம் தவறாமப் போட்டுக்கறேன் அம்மிணி" என்றான். வினோதினி அந்தக் காப்பியைக் குடித்தாள்.

நாலு நாள் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் இருந்தாள். பத்தாம் நாள் பூபதி பின்வாசலில் தண்ணீர்க் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தாள். இருபதாம் நாள் அவன் மாடியில் நின்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். முன்வீட்டில் சிகாமணிக்குச் செருப்பு நுழையவில்லை. இரண்டு தலையணை வைத்தால்தான் படுக்க முடிந்தது. கம்பெனியில் லீவு சொல்லிவிட்டான்.

வினோதினிக்கு முதலில் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. கடைக்காரன் எடை குறைத்துவிட்டால் வருகிற கோபம். லும்பாராக்காரர்கள் அளவை மாற்றிச் செய்துவிட்டார்கள் என்று நினைத்துப் போனைப் போட்டுக் கத்தினாள். காலை என்றுதானே சொன்னேன், என்ன மருந்து அனுப்பினீர்கள் என்று கேட்டாள். ஆமினா பொறுமையாகப் பார்த்துச் சொன்னாள். பிழை எதுவும் இல்லையாம். காலை இதயம் மிக அருமையாக இருக்கிறதாம், விறைப்பே தெரியவில்லையாம். மாலைச் சேதிதான் நாளுக்கு நாள் மோசமாக வருகிறதாம், ஆனால் அது பிழை என்று தாங்களே சொல்லிவிட்டதால் இயந்திரம் அதைக் கணக்கில் எடுப்பதில்லையாம்.

போனை வைத்துவிட்டு நேராகச் சிகாமணி படுத்திருந்த அறைக்குப் போனாள். அவன் கம்பெனிக்குக் கொண்டுபோகும் பை ஆணியில் தொங்கியது. உள்ளே கையை விட்டாள். மஞ்சள் அட்டை.

"இது ஏனுங்க மாமா உங்க கிட்ட இருக்குது?"

சிகாமணி திருடி மாட்டியவன் போல விழித்தான். மூச்சு விட்டு விட்டுச் சொன்னான். மாத்திரை போட்டால் ஒரு மணி நேரம் தலை சுற்றுகிறது. ஒரு நாள் பல்லடம் ரோட்டில் வேன் தடுப்பில் ஏறிவிட்டது, நல்லவேளை ஆள் இல்லை. அதற்கப்புறம் மாப்பிள்ளையிடம் கேட்டு மாற்றிக்கொண்டான். மாப்பிள்ளைக்கு உட்கார்ந்த வேலை, காலையில் போட்டாலும் பரவாயில்லை. கம்பெனி முடிகிற நேரத்தில் இவன் மஞ்சளைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை வண்டியின் பின்சீட்டில் வீட்டுக்கு வருவான். ஐந்து மாதமாக இப்படித்தான்.

"உள்ள ஒரே மருந்துதான, எப்பப் போட்டா என்னன்னு நெனச்சேன்" என்றான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ வெய்வ அம்மிணி."

அவ்வளவுதான் காரணம். பெண்டாட்டி திட்டுவாள் என்று பயந்த ஒரு நல்ல மனுஷனின் சின்னப் பொய். வினோதினிக்கு அழுகை வரவில்லை. ஆமினாவை மறுபடி கூப்பிட்டு மாலைக்கு மாற்றச் சொல்லிக் கெஞ்சினாள். இன்னும் அறுபத்தாறு நாள் இருக்கிறது என்றாள் ஆமினா. அவர் தாங்குவாரா என்று வினோதினி கேட்டாள். மருத்துவம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்றாள் ஆமினா, சொல்லும்போது அவள் குரல் இறங்கியிருந்தது. கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மஞ்சள் மாத்திரையை நிறுத்தியும் பார்த்தார்கள், நிறுத்தினால் இன்னும் மூச்சு முட்டியது, மறுபடி கொடுத்தார்கள். பன்னிரண்டு நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்த மறுநாள் மத்தியானம் பூபதியும் ரூபகலாவும் வந்தார்கள். பூபதி கையில் மடித்த ஒரு துண்டுத்தாள் இருந்தது. பார்சல் வந்த அட்டைப்பெட்டியை ரூபகலா மிளகாய் வற்றல் போட்டு வைக்க வாங்கிப் போயிருந்தாள். அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததாம். "தங்கள் விருப்பப்படி, காலை இதயத்தை மெய்யெனக் கொண்டு இம்மருந்து செய்யப்பட்டது. மாலை இதயம் புறக்கணிக்கப்பட்டது" என்று அச்சடித்திருந்தது. பூபதி முட்டாள் இல்லை. இரண்டு நாள் யோசித்து எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தான்.

வந்தவன் தங்கையின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அண்ணன் தங்கை காலில் விழுகிற வழக்கம் எங்கேயும் இல்லை. வினோதினி பதறிப் பின்வாங்கினாள்.

"மாத்திரையை மாத்திக்கறப்பவே நான் மாமாகிட்டக் கேட்டனுங்க" என்று தரையைப் பார்த்தபடியே அழுதான் பூபதி. "வினோவுக்குத் தெரியாம வேண்டாமுங்க மாமான்னேன். அவகிட்டச் சொல்லிட்டேன் மாப்ளே, சரின்னுட்டாள்னு மாமா சொன்னாரு. அப்ப காத்தால மாத்திரை எனக்குன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் காத்தாலைன்னு சொல்லியிருக்கற. கட்டுன புருசனை விட்டுட்டுக் கூடப்பொறந்தவனைக் காப்பாத்தியிருக்கற. நான் இதுக்கு எத்தனை சென்மம் எடுக்கறது அம்மிணி?"

ரூபகலா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

கட்டிலில் கிடந்த சிகாமணியை வினோதினி பார்த்தாள். அவன் கண்ணை மூடித் திறந்தான். தான் அவளிடம் சொல்லவே இல்லை என்பது அவளை விட்டால் இந்த உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அப்படியென்றால் அவள் காலை என்று சொன்னது யாரை நினைத்து, மாலை என்று தள்ளிவிட்டது யாரை, ஒவ்வொன்றாக அவன் முகத்தில் ஏறுவதை அவள் நின்று பார்த்தாள். தன்னைக் காப்பாற்றத்தான் அவள் நினைத்தாள் என்று தெரிந்தது. தோளில் தூக்கி வளர்த்த பையனைச் சாகக் கொடுக்கத் துணிந்தாள் என்றும் தெரிந்தது. தன் சின்னப் பொய்தான் தன்னைக் கொல்கிறது என்பதும்.

வினோதினி வாயைத் திறந்தாள். இல்லை மாமா, உங்களுக்காகத்தான் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் காலடியில் கிடக்கிற அண்ணன் கேட்பான்.

சிகாமணி முந்திக்கொண்டான்.

"ஆமா மாப்ளே" என்றான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு. "நான்தான் சொன்னேன். அவளுக்குத் தெரியும்."

அப்புறம் அவளைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அது மன்னிப்பா தண்டனையா என்று அவளுக்கு விளங்கவில்லை. கேட்கவும் வழியில்லை. அதற்குப் பிறகு ஐந்து நாள் இருந்தான், தண்ணீர் வேண்டும், போதும் என்பதைத் தவிர அவளிடம் ஒன்றும் பேசவில்லை. பூபதிதான் பகல் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டான். ஆறாம் நாள் காலை, பூபதி வெள்ளை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தபோது, சிகாமணியின் உடம்பு ஆறிப்போயிருந்தது.

அதற்கப்புறமாவது அழுது தீர்க்கலாம் என்றால் ஊர் விடவில்லை. விஷயம் பங்காளிகள் வரை போய்விட்டது. அண்ணனுக்காகத் தாலியைக் கொடுத்த மகராசி என்று வந்தவர்கள் எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சிகாமணியின் பங்காளி வீட்டுப் பெண்கள் மட்டும் வாசலோடு நின்று, கட்டினவனைக் கொன்றவள் என்று காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டையும் அவள் மறுக்க முடியவில்லை. மறுத்தால் எதைச் சொல்லி மறுப்பது? என் அண்ணனைத்தான் கொல்லப் பார்த்தேன் என்றா?

மூன்றாம் நாள் ரூபகலா அடுக்களையில் அவளைத் தனியாகப் பிடித்தாள். கேட்கவே வாய் வரவில்லை என்று ஆரம்பித்துக் கேட்டும்விட்டாள். இறப்பைப் பதிந்தால் அந்தத் தகவல் லும்பாராவுக்கும் போய்விடும், மாமா பேரில்தான் கணக்கு, கணக்கு மூடினால் தன் புருஷனுக்கு மருந்து இல்லை. காரியம் எல்லாம் முறைப்படி செய்யலாம், ஆபீஸில் மட்டும் எழுத வேண்டாம். "அவரு போனது போனதாவே இருக்கட்டும் வினோ. காகிதத்துல மட்டும் இருந்துட்டுப் போறாரு."

வினோதினி தலையாட்டினாள். டாக்டர் கொடுத்த இறப்புச் சான்றை அடுப்பில் எரித்தாள்.

பதினோராம் நாள் கருமாதி. பந்தலில் உறவுக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒப்புக்கு வினோதினியையும் ஒரு இலை முன்னால் உட்கார வைத்திருந்தார்கள், எதிரே பூபதி. அவள் மடியில் இருந்த போன் அடித்தது.

"வணக்கம் அம்மா. ஆமினா பேசுகிறேன்." பின்னால் கடல் காற்றோ மின்விசிறியோ, ஏதோ இரைந்தது. "பத்து நாளாக மாலை மாத்திரை விழுங்கப்படவில்லை. காரணம் கேட்க வேண்டியது என் கடமை. திரு. சிகாமணி நலமாக இருக்கிறாரா?"

பூபதி மெல்லுவதை நிறுத்திவிட்டுத் தங்கையைப் பார்த்தான். ரூபகலா சாம்பார் வாளியோடு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நல்லா இருக்காருங்க" என்றாள் வினோதினி. "பொழுதோட மாத்திரை இனி வேண்டாமுங்க. அவருக்குக் காத்தால ஒண்ணே போதும்."

அந்தப் பக்கம் ஆமினா எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது.

"எழுதிக்கொண்டேன்" என்றாள் ஆமினா. "அடுத்து ஒரு வாக்கியம் இருக்கிறது. அதை நான் வாசித்தே ஆக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். வாழ்த்துகள். நாளுக்கு ஒரே மாத்திரை என்றால் இனித் தங்கள் கட்டணம் பாதியாகும்."

"சரிங்க" என்றாள் வினோதினி. "மறக்காமக் கொறைச்சுக்கோங்க."

போனை மடியில் வைத்தாள். எதிரே பூபதி தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைய ஆரம்பித்தான்.